பஸ் பானட்டில் காய்ந்த விமானம்

போன மாதம் குன்னூரில் நம் பள்ளிக்கூட செட் கூடியபோது, பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டி, "இவன் அந்தக் காலத்துலயே ஏரோப்பிளேன் செஞ்சு பிரைஸ் வாங்குனவன்" என்றான். நீங்களும் கைதட்டினீர்கள். சாப்பாட்டுப் பந்தி வேறு தயாராக இருந்தது. அந்த நேரத்தில் எழுந்து மறுப்புச் சொன்னால் பிரியாணி ஆறிவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. பிரைஸ் கொடுத்த அன்று பள்ளிக்கூட ஹாலில் உங்களில் பாதிப் பேர் இருந்தீர்கள். கண்ணால் பார்த்ததையே இத்தனை வருஷத்தில் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, நீங்களெல்லாம் என்ன சாட்சி! அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், ரிட்டயரான பிறகு உங்களுக்கு என்ன வேலை கெட்டுப்போகிறது.

என் அப்பா குந்தாப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கர். பறித்து வந்த கொழுந்து தூளாகி வெளியே போகும் வரை அவர் பொறுப்பு. எனக்குப் பதின்மூன்று வயது. தங்கைக்கு ஒன்பது, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அந்த வருஷம் பங்களாவைக் காலி செய்துகொண்டு போன மேனேஜர் வீட்டம்மா, தனக்குத் துணி தைத்துக் கொடுத்த என் அம்மாவுக்குப் பழைய சாமான் ஒரு மூட்டை கொடுத்தார். அதில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே தக்கை மாதிரி லேசான பால்சா மரத்தில் விமானத்தின் துண்டுகள், ஒரு பெரிய வரைபடம், கல்லாகிப்போன ஒரு டியூப் பசை. ஒரு பக்கத்து இறக்கையை எலி தின்றிருந்தது. பெட்டியைத் திறந்ததும் பழைய மரமும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசம் வந்தது. இப்போதும் துணி பீரோவைத் திறந்தால் எனக்கு விமானம்தான் ஞாபகம் வரும்.

பெட்டியை நான்தான் முதலில் எடுத்தேன். மூத்தவன், ஆண்பிள்ளை, ஹைஸ்கூல் படிக்கிறவன். இரண்டு துண்டை ஒட்டிப் பார்த்தேன். மூன்றாவதைத் தலைகீழாக ஒட்டினேன். பிறகு மூலையில் வீசிவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தங்கை வரைபடத்தைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்து, அதன் மேல் குப்புறப் படுத்திருந்தாள்.

"அண்ணா, இங்க ஒண்ணு கோடு எழுபத்திரண்டுன்னு போட்டிருக்குது. அப்புடீன்னா என்ன?"

நமக்குத் தெரிந்தால் அல்லவா? விலையாக இருக்கும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அறுபது வயதைத் தாண்டியும் அவள் விடாமல் வைத்திருக்கும் அதே பார்வை. இரண்டு நாள் கழித்து அவளாகவே கண்டுபிடித்தாள். நிஜ விமானம் இதைப் போல எழுபத்திரண்டு மடங்கு பெரிது. வரைபடத்தில் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை பதினாறு இஞ்சு. பெருக்கிப் பார்த்தால் தொண்ணூற்றாறு அடி.

"தொண்ணூத்தாறு அடின்னா எவ்வளவுண்ணா இருக்கும்?"

பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அளவு டேப்பையும் ஒரு வாளி அடுப்புச் சாம்பலையும் எடுத்துக்கொண்டு, காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மஸ்டர் மைதானத்துக்கு என்னை இழுத்துப் போனாள். அவள் அளந்து சொல்லச் சொல்ல நான் சாம்பலால் கோடு போட்டேன். மூக்கு, வால், இரண்டு இறக்கை. கடைசியில் என்னை ஒரு இறக்கை நுனியில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் மறு நுனிக்கு ஓடினாள். மூடுபனியில் அவள் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அண்ணா! இத்தாம் பெருசு வானத்துல போவுமா?"

மறுநாள் காலையில் மஸ்டருக்கு வந்த ஆட்கள் அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போய் நின்றார்கள். ஏதோ சாமி காரியம் என்று நினைத்தார்களாம். கணக்குப்பிள்ளை மட்டும் நேராக இறக்கையின் நடுவில் நின்று பெயர் கூப்பிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். நிஜ விமானத்தின் இறக்கைக்கு அடியில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். நாம் போட்ட கோடு சரிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலையை அவள்தான் செய்தாள். நான் எடுபிடி. இதை எழுத எனக்கு இப்போது கூச்சமில்லை. எலி தின்ற இறக்கைக்குப் பதிலாகத் தேயிலைப் பெட்டியின் ப்ளைவுட்டை எடுத்து வரச் சொன்னாள், கொண்டு வந்தேன். அதைப் பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, பத்து நாளில் இறக்கையாக்கினாள். மாட்டிப் பார்த்தால் விமானம் அந்தப் பக்கமே சாய்ந்தது. பால்சா இறக்கை லேசு, ப்ளைவுட் கனம். சாயாமல் இருக்க ப்ளைவுட் பக்கத்துக்கு அடியில் தீக்குச்சி முட்டுக் கொடுக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். "ஏரோப்பிளேன் பறக்கறப்போ தீக்குச்சியும் கூடவே பறக்குமா?" என்று கேட்டாள். பிறகு செருப்பு தைக்கிறவரிடம் மூன்று சின்ன ஆணி வாங்கி வரச் சொல்லி, பால்சா இறக்கையின் நுனிக்குள் செருகி, ஓட்டையை மைதா பசையால் அடைத்தாள். விமானம் நிமிர்ந்துவிட்டது.

அப்பா ஃபேக்டரியில் எல்லோரிடமும் சொன்னார், "எம் பையன் ஏரோப்பிளேன் செய்யறான்." வீட்டுக்கு வந்தால், உப்புத்தாள் தூசு மூக்கெல்லாம் அப்பியிருக்க வேலை செய்துகொண்டிருப்பவளைத் தாண்டி வந்து, கயிற்றுக் கட்டிலில் கால் ஆட்டிக்கொண்டிருக்கும் என் முதுகைத் தட்டிக் கொடுப்பார். அவர் கெட்டவரில்லை. கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பார்ப்பதற்குச் சில பேருக்கு யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். நான் சொல்லவில்லை. தட்டிக்கொடுத்தது சுகமாக இருந்தது.

அப்போதுதான் நம் எச்.எம். பிரேயரில் கண்காட்சி பற்றி அறிவித்தார். ஞாபகம் இருக்கிறதா? எட்டாம் வகுப்பு முதல் யாரும் கலந்துகொள்ளலாம். குன்னூரில் குடியிருக்கும் ரிட்டயரான விமானப்படை ஆபீசர் ஒருவர் வந்து பார்வையிடுவார். முதல் பரிசு வாங்குகிறவரை அவரே தன் ஜீப்பில் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய், விமானத்தைக் கிட்டத்தில் காட்டி, உள்ளே ஏற்றியும் காட்டுவார்.

வீட்டுக்கு ஓடி வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. எட்டாம் வகுப்பு என்ற விஷயத்தைச் சொன்னதும் விமானத்தைக் கையில் எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு, "உன்ற பேர்ல குடுத்துரு. நீ போனா எறகுக்கு அடியில நடந்து எத்தன அடின்னு எண்ணிட்டு வா. மறந்துபோடாதே" என்றாள். நான் சரியென்றேன். எனக்கும் விமானத்தில் ஏறிப்பார்க்க ஆசை இருக்காதா? இருந்தது. அவளைவிட அதிகமாகவே இருந்தது என்று அப்போது நினைத்தேன்.

பெயிண்ட் அடிக்கும் முன் அவள் ஒரு காரியம் செய்தாள். என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த காம்பஸ் முனையால், ப்ளைவுட் இறக்கையின் அடிப்பக்கம் தன் பெயரை ஆழமாகக் கீறினாள்.

"இதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க வேண்டாம். எனக்குத் தெரியுமில்ல."

பெயிண்ட், ஃபேக்டரிக் கூரைக்கு அடித்து மிஞ்சிய அலுமினிய பெயிண்ட். மூக்குக்கு மட்டும் கதவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு. அப்பா அந்த டின்களைக் கொடுக்கும்போதே எச்சரித்தார். தேயிலைக் கொழுந்து எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். வேலைக்குப் போகும் நாளில் அவர் வாசனை சோப்பு போட மாட்டார். அம்மா மல்லிகை வைத்துக்கொண்டு ஃபேக்டரிப் படி ஏறக்கூடாது. "பெயிண்ட் டின்னு ஊட்டுக்குப் பொறத்தால இருக்கோணும். ஃபேக்டரிப் பக்கம் வாசம் வந்துது, அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார்.

அது ஐப்பசி மழைக்காலம். நம் ஊர் மூடுபனி தெரியாததா? துவைத்த சட்டை ஒரு வாரம் காயாது. பெயிண்ட் அடித்து நாலு நாளாகியும் விரல் வைத்தால் ஒட்டியது. அம்மாவின் கரியடுப்புப் பக்கத்தில் வைத்தோம், சாம்பல் பறந்து ஒட்டியது. உப்புத்தாளால் தேய்த்து மறுபடியும் அடித்தாள். வெள்ளிக்கிழமையும் காயவில்லை. திங்கட்கிழமை கண்காட்சி. சனிக்கிழமை சாயங்காலம் அவள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. அந்தப் பருவம் முழுவதிலும் நானாக யோசித்த ஒரே யோசனை. ஃபேக்டரி மாடியில், கொழுந்தைப் பரப்பி வாட்டும் நீளத் தொட்டிகளுக்கு அடியில் சூடான காற்று ஓடும். மழைக்காலத்தில் எஸ்டேட்டிலேயே காய்ந்த இடம் அது ஒன்றுதான். அவளிடம்கூடச் சொல்லாமல் விமானத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், மூன்றாம் தொட்டியின் ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். உள்ளே போகிற யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். டீமேக்கர் மகன் செய்யக்கூடிய தப்பா இது?

அரை மணி நேரத்தில் அப்பாவின் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. மூன்றாம் தொட்டிக் கொழுந்து முழுவதையும் அள்ளி வெளியே கொட்டச் சொல்லிவிட்டு, புது மேனேஜரிடம் தானே போய்ச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே எனக்கு ஒன்று விட்டார். காது அரை நாள் ரீங்கரித்தது. "இனி இந்தச் சனியன் ஃபேக்டரி எல்லைக்குள்ள வந்துது, அடுப்புக்குத்தான் போவும்" என்று விமானத்தை என் கையில் கொடுத்தார். ஆத்திரத்திலும் அவர் அதை மெதுவாகத்தான் கொடுத்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. தங்கை ஓடி வந்து இறக்கைகளைப் பார்த்தாள். "ஒரு பக்கம் காஞ்சிருக்குதுண்ணா" என்றாள். என் கன்னத்தை அவள் பார்க்கவே இல்லை.

சூடு இருந்தால் காயும் என்பது தெரிந்துவிட்டது. வாசம் வந்தால் ஆகாத இடம் கூடாது, அவ்வளவுதான். இரண்டு பேரும் யோசித்தோம். அவள்தான் சொன்னாள்: "பஸ்ஸு."

எஸ்டேட் கடைவீதியில் ராத்திரி நின்று காலையில் ஊட்டிக்குக் கிளம்பும் பஸ்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். டிரைவர் பக்கத்தில் இஞ்சினை மூடிய அந்தப் பெரிய இரும்பு பானட்! குளிரில் அதன் மேல் உட்காரத்தானே நமக்குள் அடிதடி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, சாக்கைக் கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் பஸ் முன்னால் நின்றோம். டிரைவர் வெந்நீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் கண்ணு, பஸ்ஸு என்ன ஏரோப்பிளேன் நிறுத்தற ஷெட்டா?"

"ஒரே நாளுங்க. நாளைக்குக் கண்காட்சிங்க. காயவே மாட்டேங்குதுங்க" என்றாள் தங்கை.

அவர் விமானத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு விரலை இறக்கையில் வைக்கப் போனார். "தொட்டுப்போடாதீங்க!" என்று அவள் கத்தினாள். டிரைவர் சிரித்துவிட்டார். பானட் மேல் மடித்த கம்பளியைப் போட்டு, அதன் மேல் தானே விமானத்தை வைத்தார். அவளைத் தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் காவலுக்கு நான் போனேன்.

ஊட்டிக்கு இரண்டு நடை, போக வர நாலு பயணம். என் வாழ்க்கையில் நான் செய்த காவல் வேலைகளிலேயே பெரியது அதுதான். கையைச் சூடேற்ற பானட்டுக்கு வந்தவர்களையெல்லாம் தடுத்தேன். கேரட் மூட்டையோடு ஏறிய அம்மாள் ஒருத்தி, "இது பறக்குமா சாமி?" என்று கேட்டுவிட்டு, மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் இரண்டு கையையும் விரித்து, தொடாமல், விழுந்தால் பிடிக்கத் தயாராக இருப்பேன். எமரால்டு ஊரைத் தாண்டும்போது வெளியே ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளை. உள்ளே டீசல் வாசமும் பெயிண்ட் வாசமும் ஈரக் கம்பளி வாசமும். விமானம் மட்டும் சூட்டில் பளபளத்துக்கொண்டே வந்தது. இரண்டாவது நடையில் கண்டக்டரே, "ஏரோப்பிளேன் பக்கம் நெருக்காதீங்க, தள்ளி நில்லுங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கடைசி நடை முடிந்து இறங்கியபோது தங்கை நிறுத்தத்திலேயே காத்திருந்தாள். நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. மழையில் நனைந்துகொண்டே ஒரு குதி குதித்தாள் பாருங்கள், டிரைவர் ஹாரன் அடித்தார்.

இனி உங்களுக்குத் தெரிந்த கதை. தெரிந்த மாதிரி நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் கதை.

திங்கட்கிழமை நம் ஹாலில் எத்தனை பேர் அணை கட்டினோம், எரிமலை கக்கினோம்! நம் பேங்க் மேனேஜர் செய்த எரிமலையில் அவன் சட்டையே பாதி எரிந்தது, அதைப் பற்றி அவன் மைக்கில் சொல்லவில்லை. என் மேஜை மேல் வெள்ளி விமானம், அதன் கீழே என் பெயரும் வகுப்பும் எழுதிய சீட்டு. அம்மாவும் தங்கையும் ஜன்னல் ஓரமாக நின்றார்கள்.

ஆபீசர் வந்தார். நரைத்த மீசை, நேரான முதுகு. விமானத்தை இரண்டு விரல் நுனியில் தூக்கி நிறுத்தினார். அது சாயாமல் நின்றது. பிறகு நகத்தால் ஒரு இறக்கையைத் தட்டினார், மறு இறக்கையைத் தட்டினார். சத்தம் வேறு வேறாக வந்தது.

"ஒண்ணு கனமான மரம், ஒண்ணு லேசான மரம். அப்புறம் எப்படித் தம்பி இது நேரா நிக்குது?"

ஆணியை வாங்கி வந்தவனே நான்தான். ஆனாலும் அந்த மீசையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. "காத்து... காத்துனாலங்க சார்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"லேசான எறகு நுனியில மூணு செருப்பாணி இருக்குதுங்க. ரெண்டு வெச்சுப் பாத்தேன், பத்தலீங்க."

ஆபீசர் திரும்பினார். "யார் இந்தக் குழந்தை?"

எச்.எம். சிரித்தார். "இவன் தங்கச்சிங்க சார். அண்ணன் சொல்றதக் கேட்டு அப்படியே ஒப்பிக்குது." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்துவிட்டு, என் தோளைத் தட்டி, நோட்டில் என் பெயரை எழுதக் குனிந்தார்.

நான் அவளைப் பார்த்தேன். அழவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நகத்துக்குள் எல்லாம் வெள்ளிப் பெயிண்ட். போகாமல் எத்தனை நாளாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். மைதானத்து மூடுபனிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் என் காதில் கேட்டது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸை எடுத்தேன். விமானத்தைக் கவிழ்த்து, ப்ளைவுட் இறக்கையின் அடியை ஒரே மூச்சாகச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"அண்ணா! அண்ணா! பெயிண்டு!" அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். கடித்தேவிட்டாள். நான் விடவில்லை. மேல் பூச்சு உதிர்ந்து மரம் தெரிந்தது. மரத்தில் கீறிய பள்ளத்துக்குள் மட்டும் வெள்ளி தங்கியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அவள் பெயர் பளபளவென்று வெளியே வந்தது.

"செஞ்சது இவதானுங்க சார். நான் ஆணி வாங்குனேன். பஸ்ஸுல காவல் இருந்தேன். அவ்வளவுதானுங்க."

ஆபீசர் அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். எட்டாம் வகுப்பு முதல்தான் என்ற விதியைப் பற்றி எச்.எம். ஏதோ முணுமுணுத்தார். "பரிசு நான் கொடுக்கிறது சார். ஜீப்பும் என்னது" என்று ஆபீசர் சொல்லிவிட்டார். பிறகு அவளுக்கு முன்னால் மண்டியிட்டு, "என்னம்மா, என்னோட கோயம்புத்தூர் வர்றியா?" என்று கேட்டார். அவளோ நான் சுரண்டிய இறக்கையைப் பார்த்துக் கேவிக் கேவி அழுதுகொண்டிருந்தாள். அம்மாதான் தலையாட்டினாள்.

சனிக்கிழமை அவளும் அம்மாவும் ஜீப்பில் போனார்கள். நான் போகவில்லை, இடமில்லை. அப்பா அன்று காலை மஸ்டர் மைதானத்தில் அத்தனை ஆள் முன்னால் கணக்குப்பிள்ளையிடம், "எம் பொண்ணு ஏரோப்பிளேன் பாக்கப் போயிருக்குது. அவ செஞ்சதுக்குக் குடுத்த பிரைஸு" என்று உரக்கச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் போகும்போது, அறைந்த அதே கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஜீப் சத்தம் கேட்டு ஓடினேன். அவள் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தாள்.

"அண்ணா! எறகுக்கு அடியில ரெண்டு தடவ நடந்தேன். நம்ம கோடு சரிதான்! இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு, அப்புடியே!"

"உள்ளார எப்புடி இருந்துது?"

"நம்ம பஸ்ஸாட்டமேதான் இருக்குது. பானட்டு மட்டும் இல்ல."

அந்த விமானம் பல வருஷம் நம் பள்ளிக்கூடக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. புதுக் கட்டடம் கட்டியபோது எங்கே போனதோ தெரியாது. அடியிலிருந்த என் பெயர்ச் சீட்டை யாரும் மாற்றவில்லை. நீங்கள் எல்லோரும் அந்தச் சீட்டைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. போகட்டும், இனிமேல் சரியாகச் சொல்லுங்கள்.

தங்கை மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று இப்போது அருவங்காட்டில் இருக்கிறாள். குன்னூர் விழா முடிந்த மறுவாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். லீவுக்கு வந்திருந்த அவள் பேத்தி பிளாஸ்டிக் விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். கொடுமை என்னவென்றால், இப்போதும் பெயிண்ட் காயவில்லை. தலைமுடி உலர்த்தும் மிஷினை வைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். விழாவில் நடந்ததை நான் சொன்னேன். தங்கை சிரிக்கவில்லை. "அத உடு. பெயிண்ட சொரண்டுனியே, அதுக்கு உன்ன நான் இன்னும் மன்னிக்கலே" என்றாள்.

பிறகு பிரஷ்ஷை எடுத்து என் கையில் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் முறை. "இந்த எறகுக்கு நீ அடி" என்றாள். நான் பிரஷ்ஷை டின்னுக்குள் விடப் போனேன்.

"இரு" என்று தடுத்தாள். பேத்தியின் காம்பஸை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, இறக்கையின் அடியில் ஏதோ கீறினாள். குனிந்து பார்த்தேன். என் பெயர்.

"ம், இப்ப அடி" என்றாள்.